அவனுக்குப் பதிலாக நான்

2024 ஜனவரி 19

அன்பான ராத்தா றாஹிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் வீட்டாரும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். இருந்துகொண்டு வாசியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு வாசியுங்கள்.

நான் றமீஸ். உங்கள் தம்பி றமீஸ்தான்.

பதினாறு வயதில் கப்பல் ஏறியவன் கடைசியில் இந்தத் தீவில் இறங்கி இங்கேயே நின்றுவிட்டேன். மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிற ஊர். விடிந்தாலும் மலைக்கு மேலே பனிப்புகார் எழும்ப மனமில்லாமல் படுத்துக் கிடக்கும். முதல் வருடங்களில் அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் இன்னும் நித்திரையில் இருக்கிறேன், எழும்பினால் நம்மட ஊர்க் கரையில் கிடப்பேன் என்று நினைப்பேன். துறைமுகத்தில் மீன் இறக்குமிடத்தில் எனக்கு வேலை. தமிழ் பேசுகிற மீனவர் யாராவது எல்லை தாண்டிப் பிடிபட்டால், மொழிபெயர்க்க நீதிமன்றம் என்னைக் கூப்பிடும்.

போன கிழமையும் கூப்பிட்டார்கள். கூண்டில் நாலு பேர் நின்றார்கள். நீதிபதி முதல் பெயரைத் திக்கித் திக்கி வாசித்தார். முகம்மது தம்பி ஜவாத், சாய்ந்தமருது.

தலை நரைத்து, தோள் ஒடுங்கி, வெறுங்காலோடு நம்மட காக்கா, நம்மட மூத்தவர். என் முகத்தை நேரே பார்த்துச் சொன்னார், எஞ்சின் பழுதாகி நீரோட்டம் இழுத்துக்கொண்டு வந்தது, களவெடுக்க வரவில்லை என்று. என்னை அவருக்குத் தெரியவில்லை. தாடியும் கண்ணாடியும் இந்த ஊர்க்காரர் வைத்த பெயருமாக நான் வேறு ஆளாகிவிட்டேன். அவர் சொன்னதை இந்த ஊர்ப் பாஷையில் திருப்பிச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

அவருக்குப் பக்கத்தில் ஒரு இளைஞன். பஸால் என்றார்கள், நம்மட கடைசித் தம்பி. நான் வெளிக்கிடும்போது உங்கள் இடுப்பில் இருந்து கையை ஆட்டிய பிள்ளை. உம்மாவின் கண்கள் அப்படியே அவனிடம் இருக்கின்றன. மற்றவர்கள் பெரியநீலாவணை சுதன், மருதமுனை முஹ்ஸின்.

நாலு பேரும் உயிரோடு இருப்பது அரசாங்கம் மூலம் உங்களுக்கு வந்திருக்கும். நான் இருப்பது மட்டும் உங்களோடு இருக்கட்டும். காக்கா உங்கள் விலாசத்தைச் சொன்னதால் எழுத முடிந்தது.

கூடாரத்தில் இருந்த நாம் இப்போது எந்த வீட்டில் இருக்கிறோம்? காக்காவின் மனைவி றுமைஸா மச்சி சுகமா? உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? அந்தக் கறுத்த ஆடு எத்தனை குட்டி போட்டது?

உங்கள் தம்பி,
றமீஸ்

*

2024 பெப்ரவரி 12

என்ட தம்பி றமீசுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உனக்கு ஸலாத்துக்குப் பதில் எழுதுவன் எண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல. கனவுல நீ வருவாய், மெய்தான். ஆனா வாசலோட நிண்டுடுவாய். உள்ள வா எண்டு சொன்னா முகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாய்.

கடிதத்த அடுப்படியில வச்சு வாசிச்சன். சோறு அடிப்பிடிச்ச மணம் வந்த புறகுதான் எழும்பின. உன்ட மச்சான் கேட்டார், ஏன் கண் சிவந்திருக்கு எண்டு. புகை எண்டு சொல்லிட்டன்.

ஆக்கள் உசிரோட இருக்காங்க எண்ட தகவல் தை மாசம் நடுப்பகுதியிலதான் எங்களுக்கு வந்த. அதுவரைக்கும் றுமைஸா மச்சி இந்த வீட்டுக்கும் கடற்கரைக்கும் நடந்தே மெலிஞ்சு போனா. சுதன்ட அம்மா கனகேஸ்வரி பெரியநீலாவணையிலிருந்து பஸ் ஏறி வந்து எங்களோட இருந்து அழுவா. இப்ப கொஞ்சம் மூச்சு வந்திருக்கு.

சுனாமி அலை உன்ட உம்மாவ, என்ட சாச்சியக் கொண்டுபோன அண்டைக்கு உன்னக் கையில பிடிச்சு, பஸால இடுப்புல வச்சுக்கிட்டு ஓடினவள் நான். காக்காவும் நானும் ஒரு உம்மாட, நீங்க ரெண்டு பேரும் சாச்சிட எண்டு அதுக்குப் புறகு ஒருநாளும் நினைச்சதில்ல. பத்தொன்பது வயசு வரைக்கும் பஸால் என்ட கையால சாப்பிட்டவன்.

நீ மச்சியக் கேட்டாய். புள்ளைகளக் கேட்டாய். செத்துப்போன ஆட்டையும் கேட்டாய். வாப்பாவ மட்டும் கேட்கல்ல.

வாப்பா இருக்கார். என்னோடதான் இருக்கார். கண் ரெண்டும் வெள்ளை விழுந்து போச்சு. ஆளுகள நடையில கண்டுபிடிப்பார். வாடைக்காத்து அடிச்சா, அது எந்தப் பக்கத்தால வருது எண்டு கேட்பார்.

ஏன் கேட்கல்ல, தம்பி? கடிதத்துல சொல்ல ஏலாட்டி போன் நம்பர அனுப்பு. உன்ட குரலக் கேட்கணும்.

ராத்தா
றாஹிலா

*

2024 மார்ச் 4

ராத்தாவுக்கு,

ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு வருகிறது, அடுப்படியில் கன நேரம் நிற்க வேண்டாம்.

நம்பர் தரமாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் நான் அந்தப் பதினாறு வயதுக்குத் திரும்பிவிடுவேன். எழுதும்போதுதான் நான் நானாக இருக்கிறேன்.

வாப்பாவை ஏன் கேட்கவில்லை என்றால், கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாததால்தான். திருகோணமலையில் ஒரு கிழமை வேலை என்றுதானே காக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்று. வயதைக் கூட்டிச் சொல்லி என்னை அதில் சேர்த்துவிட்டிருந்தார். நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று அழுதேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"வாப்பாதான் உன்னைப் போகச் சொன்ன. நீ போறதுதான் எல்லாருக்கும் நல்லம்."

அந்தக் கப்பலில் கரையைக் காணாமல் கிடந்த காலமெல்லாம் அந்தச் சொல்தான் என்னோடு கிடந்தது. காக்கா செய்தது எனக்கு விளங்கியது. அவர் பொறாமைக்காரர். வாப்பா அனுப்பியதுதான் விளங்கவில்லை. அதனால்தான் கரையேறிய பிறகும் எழுதவில்லை.

வழக்கு இதுதான். படகை நடத்திய ஆளுக்கு மட்டும் சிறை. மற்றவர்களை ஊருக்கு அனுப்புவார்கள். ரோந்துக் கப்பல் நெருங்கும்போது சுக்கானில் பஸால் நின்றானாம். அதனால் அவன்தான் படகை நடத்தியவன் என்று குற்றப்பத்திரத்தில் இருக்கிறது. படகை நடத்திய தண்டையல் காக்காதான் என்பது படகில் போனவர்களுக்குத் தெரியும். அவர்கள் தனியே சொன்னதால் எனக்கும் தெரியும். காக்கா வாய் திறக்காவிட்டால் அவர் வீட்டுக்குப் போவார், பஸால் உள்ளே போவான்.

நீதிமன்றத்தில் வேலை செய்கிற ஒரு பெண், கிறிஸ்தவப் பெண், ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் யூசுப் நபியின் கதையைச் சொன்னாள். அவர்களுடைய வேதத்தில் இருக்கிறபடி. நம் பயான்களில் கேட்ட கதைதான், ஆனால் நான் கேட்டிராத ஒன்று அதில் இருந்தது. தம்பியை விற்றுவிடுவோம் என்று யோசனை சொன்ன அதே சகோதரன், பெயர் யூதாவாம், பல வருடங்களுக்குப் பிறகு கடைசித் தம்பி பிடிபட்டு நிற்கும்போது முன்னால் வந்து, இவனை விடுங்கள், இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக நிற்கிறேன் என்கிறான். அந்த இடத்தில்தான் யூசுப் உடைந்து அழுகிறார்.

கதை முடிந்ததும் அவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவப் போய்விட்டாள். நான் அங்கேயே இருந்தேன்.

காக்கா என்ன செய்வார் என்று பார்க்கப் போகிறேன், ராத்தா. அவர் மாறியிருக்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

றமீஸ்

*

2024 மார்ச் 23

றமீசுக்கு,

ஸலாம். நோன்போட எழுதுறன்.

வாப்பா உன்னப் போகச் சொல்லல்ல. அல்லாஹ்ட மேல ஆணையாச் சொல்றன், சொல்லல்ல. காக்கா தனிய ஊருக்குக் கிறுகி வந்து, நீயாத்தான் கப்பலுக்கு ஓடிட்டாய் எண்டு சொன்னார். வாப்பா உடுத்திருந்த சாரத்தோட எழும்பித் திருகோணமலைக்குப் போனார். துறைமுக வாசல்ல நாள்கணக்கா நிண்டார். உள்ள விடல்ல. மறுகா காலித் துறைமுகத்துக்குப் போனார், கொழும்புக்குப் போனார். போன இடமெல்லாம் உன்ட உசரத்தக் கையால காட்டி விசாரிச்சிருக்கார். நீ வளந்திருப்பாய் எண்டு அந்தக் கைய வருசா வருசம் உசத்திக்கிட்டே போனார்.

காக்காட மனசுல என்ன இருந்த எண்டு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அலைக்குப் புறகு நமக்கு ஒரே ஒரு படகுதான் கிடைச்ச. அது றமீசுக்கு எண்டு வாப்பா எல்லாருக்கும் முன்னால சொன்னார். மூத்த மகன் பக்கத்துல நிக்கத்தக்கன சொன்னார். அது வாப்பாட பிழைதான். ஆனா அதுக்காகப் புள்ளைய விக்கிறதா? நான் காக்காக்கு வக்காலத்து வாங்கல்ல.

ஒண்டு மட்டும் சொல்றன். நீ போன புறகு காக்கா அந்தப் படகுல கால் வைக்கல்ல. பிறர்ட படகுல கூலிக்குத்தான் போனார். பஸாலுக்கு இழுப்பு வருத்தம், சின்னதுல இருந்தே. இழுப்பு வந்தா காக்காதான் அவனத் தோள்ல போட்டுக்கிட்டு விடியும் வரைக்கும் நடப்பார். பஸால் கடலுக்குப் போறன் எண்டு நிண்டப்போ வாப்பா விடமாட்டன் எண்டார். காக்கா வாப்பாட கையப் பிடிச்சு, "நான் பொறுப்பு வாப்பா. இவன் இல்லாம நான் வாசப்படி ஏறமாட்டன்" எண்டு சொன்னார். நான் பாத்துக்கிட்டு நிண்டன்.

யூசுப் நபி அல்லாஹ்ட நபி, தம்பி. நீயும் நானும் மனிசர். ஆரையும் சோதிக்கிறது நம்மட வேலை இல்ல. காக்காவச் சோதிக்கிறன் எண்டு நீ பஸாலையெல்லோ உள்ள வச்சிருக்காய்? அந்தப் புள்ளைக்கு அங்க மூச்சு முட்டினா ஆர் தூக்கி நடக்கிற?

உண்மையச் சொல்லிடு. நான் இன்னும் வாய் திறக்கல்ல. வாப்பாக்கிட்டயும் சொல்லல்ல. பக்கத்துல இருந்து நோன்பு திறக்கிறார், நான் பேரீச்சம்பழத்த அவர்ட கையில வைக்கிறன், உன்ட பேரு என்ட நாக்குல நிக்குது. முழுங்கிக்கிறன். இது லேசான வேலை எண்டு நினைக்காத.

ராத்தா

*

2024 ஏப்ரல் 14

ராத்தாவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்திருக்கும். நான் இங்குள்ள சின்னப் பள்ளியில் தொழுதுவிட்டு, நேரே சிறைச்சாலைக்குப் போனேன்.

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. வாப்பா கையை உயர்த்திக்கொண்டே போனதை வாசித்த பிறகு துறைமுகத்துச் சுவரில் போய் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. படகுகள் போயின, வந்தன. தண்ணீருக்கு மேலே யாரோ கையை உயர்த்திக்கொண்டு நடப்பது போலவும், அந்தக் கைக்குக் கீழே என் தலை எட்டாமல் இருப்பது போலவும் தெரிந்துகொண்டே இருந்தது.

இருந்தும் நான் நிறுத்தவில்லை. கோபிக்காதீர்கள். பஸாலை நோயாளர் அறைக்கு மாற்றும்படி சொல்லி, இழுப்புக்கான மருந்து கொடுக்க வைத்திருக்கிறேன். கிழமைக்கு இரண்டு தரம் போய்ப் பார்க்கிறேன். என்னை ஐயா என்று கூப்பிடுகிறான். ஊரில் ராத்தா அவிக்கிற வட்டிலப்பத்தைப் பற்றிச் சொன்னான்.

காக்காவைத் தனியே கண்டபோது சொன்னேன்: "நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் வீட்டுக்குப் போகலாம். அந்த இளைஞன் மட்டும்தான் நிற்பான்." மொழிபெயர்ப்பாளன் சொல்லக் கூடாத பேச்சு அது. ஆனாலும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கம்பி போட்ட யன்னலைப் பார்த்தார்.

அவர் என்ன முடிவெடுப்பார் என்று இன்னும் தெரியாது. விசாரணை மே மாதம் நடுவில். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், எப்படி முடிந்தாலும். வாப்பாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள், யாருடையது என்று சொல்லாமல்.

றமீஸ்

*

2024 மே 6

தம்பி றமீசுக்கு,

ஸலாம். உன்ட கடிதம் கிடைச்ச.

இங்க காத்து மாறிட்டு. கடல் குளம் போலக் கிடக்குது. வீட்டுல ஆக்கள் வந்து போய்க்கிட்டு இருக்காங்க, எழுத நேரமில்ல. கனகேஸ்வரி அக்கா பெரியநீலாவணையிலிருந்து வந்து என்னோட நிக்கிறா. வேண்டாம் எண்டாலும் கேட்கிறா இல்ல, சட்டி பானையெல்லாம் அவதான் கழுவுறா. றுமைஸா மச்சியும் இங்கதான் படுக்கிறா.

வேலைய முடிச்சிடு. நாளப் போக்காத. என்ன நடந்தாலும் நீ எனக்குத் தம்பி, அதுல மாத்தமில்ல. பஸாலுக்குக் குளிர் தண்ணி குடுக்க வேண்டாம்.

மச்சானும் புள்ளைகளும் மச்சியும் சுகம்.

ராத்தா

*

2024 மே 22

ராத்தாவுக்கு,

ஸலாம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விசாரணை காலையில் தொடங்கியது. மழைத் தூறல். நீதிமன்ற யன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை, வெறும் வெள்ளை. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல மெதுவாக நடந்தது. பஸாலின் பெயரை வாசித்தார்கள். படகை நடத்தியது நீதானா என்று நீதிபதி கேட்டார். நான் தமிழில் கேட்டேன். பஸால் காக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றான். காக்காவைக் காப்பாற்ற அவனும் ஒரு முடிவு எடுத்திருந்தான் போல. அதை நான் நினைத்தும் பார்த்திருக்கவில்லை.

அப்போது காக்கா எழும்பினார். காவலன் தோளில் கை வைத்து இருத்தப் பார்த்தான். அவர் இருக்கவில்லை.

நம் தொழிலில் ஒரு விதி இருக்கிறது, ராத்தா. அவர் இப்படிச் சொல்கிறார் என்று மொழிபெயர்க்கக் கூடாது. கூண்டில் நிற்பவன் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும்.

காக்கா சொன்னார்:

"பொடியன் பொய் சொல்றான். சுக்கானப் பிடிக்கச் சொன்ன நான். தண்டையல் நான். இவன விடுங்க. எங்கட வாப்பாக்கு இன்னொரு மகன் இருந்த, இவன்ட கூடப்பிறந்தவன். அவன என்ட கையால நான்தான் கப்பல் ஏத்தின. வாப்பா அனுப்பினார் எண்டு பொய் சொல்லி ஏத்தின. அண்டையிலிருந்து வாப்பாட முகத்த நான் நேரே பாத்ததில்ல. இவனையும் விட்டுட்டு அந்த வாசலுக்கு என்னால போக ஏலா. இவனுக்குப் பதிலா என்ன வைங்க."

அதை நான் சொன்னேன். அவர் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல, என் வாயால், இந்த ஊர்ப் பாஷையில், நான்தான் என் தம்பியைக் கப்பல் ஏற்றினேன் என்றேன். என் வாப்பாவிடம் பொய் சொன்னேன் என்றேன். கடைசி வசனம் வரை சொன்னேன். பஸாலுக்குப் பதிலாக என்னை வையுங்கள் என்று சொல்லும்போது, அதைச் சொல்வது யார் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு நீதிபதியிடம் அவர் பாஷையில் சொன்னேன்: "என்னை விலக்கிவிடுங்கள். இவர் என் அண்ணன். கப்பல் ஏற்றப்பட்டவன் நான்தான்."

அந்தக் கதையைச் சொன்ன பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். காக்காவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. எனக்கு ஏதோ தலைச்சுற்று வந்துவிட்டது என்று நினைத்து, காவலனிடம் கையால் காட்டி, "ஐயாக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

வழக்கை ஒத்திவைத்து, வேறு ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து முடித்தார்கள். காக்காவுக்கு இந்த வருட முடிவு வரை சிறை. பஸாலையும் மற்ற இருவரையும் அனுப்பப் போகிறார்கள். முறை தவறியதற்காக இனி நீதிமன்றம் என்னைக் கூப்பிடாது. அது சரிதான். காக்காவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நானே சொல்கிறேன், அதுவரை பொறுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன். போய் அவருக்கு முன்னால் நிற்க இன்னும் கால் வரவில்லை.

நேற்று உங்கள் கடிதத்தை மறுபடியும் எடுத்து வாசித்தேன். மச்சான், பிள்ளைகள், மச்சி சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதல் கடிதத்தில் செய்ததை இப்போது நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

ராத்தா, வாப்பா சுகமா?

றமீஸ்

*

2024 ஜூன் 9

என்ட தம்பிக்கு,

ஸலாம். அல்லாஹ் உனக்குச் சபுறத் தரட்டும், பொறுமையத் தரட்டும்.

வாப்பா மவுத்தாகிட்டார். ஏப்ரல் மாசக் கடைசியில, ஒரு வெள்ளிக்கிழமை, அசருக்குப் பாங்கு சொல்றதுக்கு முன்ன. உன்ட பெருநாள் கடிதம் வந்து சேர்றதுக்கு முந்தியே அடக்கிட்டம். உனக்கு எழுதாம விட்டது, எழுதினா நீ விசாரணைக்குப் போய் நிக்கமாட்டாய் எண்டு பயந்துதான். நீ காக்காக்கிட்ட மறைச்சாய், நான் உனக்கிட்ட மறைச்சன். ரெண்டு பேரும் ஒரு வீட்டுப் புள்ளைகள்தான்.

இன்னொண்டும் சொல்லணும். உனக்குக் குடுத்த வாக்க நான் காப்பாத்தல்ல. கடைசிக் கிழமை வாப்பா ஒண்டும் சாப்பிடல்ல. கஞ்சியக் கூட வேண்டாம் எண்டுட்டார். ஒருநாள் மதியம் வீட்டுல ஆருமில்ல. நான் பக்கத்துல படுத்து, காதுக்குள்ள சொன்னன்: "வாப்பா, றமீஸ் உசிரோட இருக்கான்."

என்ட பக்கம் முகத்தத் திருப்பிக் கேட்டார், எங்க எண்டு. காக்காவும் பஸாலும் இருக்கிற ஊர்லதான், அவங்களக் கண்டிருக்கான் எண்டு சொன்னன்.

வாப்பாட முகம் எப்படி இருந்த எண்டு எழுத எனக்குத் தெரியல்ல. கண்ணுல வெள்ளை விழுந்த ஆள், கூரையப் பாத்துக்கிட்டு, அங்க ஏதோ தெரியிற மாதிரிக் கிடந்தார். மறுகா சொன்னார்:

"அப்ப மூணு பேரும் ஒரு இடத்துலயா இருக்காங்க? நல்லம். மூணு பேரும் சேந்தே வரட்டும்."

அதுக்குப் புறகு கஞ்சி கேட்டார். ரெண்டு கரண்டி குடிச்சார். அடுத்த வெள்ளிக்குப் போயிட்டார்.

நீங்க மூணு பேரும் ஒண்டா இருந்து சாப்பிடுறீங்க, கதைக்கிறீங்க எண்டு நினைச்சுக்கிட்டுத்தான் போனார். அது பொய் எண்டு எனக்குத் தெரியும். நீ இன்னும் அவங்களுக்கு ஐயாதானே. அந்தப் பொய்ய மெய்யாக்கிறது இப்ப உன்ட கையில.

ராத்தா

*

2024 ஜூன் 30

ராத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மலைக்குப் போகும் பாதையில் நடந்தேன். புகாருக்குள் நடக்கும்போது முன்னால் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். ஒரு சாரமும் பழைய செருப்பும் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருப்பது போல இருந்தது. எட்டி நடந்தால் அதுவும் எட்டி நடந்தது. மேலே வெயில் வந்ததும் ஒருவரும் இல்லை.

அடுத்த நாள் சிறைச்சாலைக்குப் போனேன். பஸாலை அனுப்ப இன்னும் சில நாள் இருந்தது. காக்கா, பஸால், நான் மூன்று பேரும் ஒன்றாகச் சந்திக்க வேண்டும் என்று கேட்டேன். வாப்பா மவுத்தான செய்தி என்றதும் பொறுப்பதிகாரி அனுமதித்தார்.

சின்ன அறை, ஒரு வாங்கு. இருவரும் வந்து இருந்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"காக்கா, நான் றமீஸ்" என்றேன்.

பஸால்தான் முதலில் எழும்பினான். காக்கா எழும்பவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. என் கையைப் பார்த்தார். பிறகு மெல்ல அந்தக் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். கடைசியில் கேட்டார்:

"நீ உசிரோட இருக்கிறது வாப்பாக்குத் தெரியுமா?"

"தெரியும். ராத்தா காதுக்குள்ள சொன்னா. மூணு பேரும் சேந்து வரட்டும் எண்டு சொன்னாராம்."

அதற்குப் பிறகு வாப்பா மவுத்தானதையும் மற்றதையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. நீங்கள் பேசாமல் இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று நான் அன்று சொன்னது எதற்காக என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் இடத்தில் அவர் இருந்தால் இன்னும் கடுமையாகச் செய்திருப்பார் என்றார். பஸால் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அவன் பார்வைக்கு நான் பதில் சொல்ல இன்னும் காலம் எடுக்கும்.

லுஹர் தொழுகையின் வக்து வந்தது. முன்னால் நின்று தொழுவிக்கும்படி காக்கா என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். தனக்கு அந்தத் தகுதி இல்லை என்றார். "மூத்தவர் நீங்கதான். உங்களுக்குப் பின்னால நிண்டு தொழத்தான் வந்திருக்கன்" என்றேன். கன நேரம் நின்றுவிட்டு முன்னால் போனார். நானும் பஸாலும் தோளோடு தோள் பட நின்றோம். நெற்றியை நிலத்தில் வைத்த கடைசி ஸுஜூதில் காக்கா எழும்பவே இல்லை. காவலன் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். நாங்கள் காத்திருந்தோம்.

இப்போது ஞாயிறு தோறும் சோறும் கறியும் கொண்டு போகிறேன். என் சமையலைக் காக்கா குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார். அவருக்கு விடுதலை கிடைக்கும் வரை நான் அசையமாட்டேன். அவர் இல்லாமல் அந்த வாசலுக்கு நான் எப்படி வருவது?

தம்பி
றமீஸ்

*

2024 ஜூலை 21

என்ட காக்கா ஜவாதுக்கும் தம்பி றமீசுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்க எல்லாரும் சுகம். ரெண்டு பேரும் சண்டை பிடிக்காம இருக்கீங்க எண்டு நம்புறன்.

பஸால் வந்து சேந்துட்டான். கறுத்து, மெலிஞ்சு, தாடியும் விட்டு, கதவத் தட்டினவன ஆரு எண்டு கேட்டன். வந்ததுல இருந்து நித்திரைதான். மூச்சு நல்லா வருது, நான் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கன். இடைக்கிடை எழும்பி உங்க ரெண்டு பேரையும் பத்திக் கொஞ்சம் கதைப்பான், திரும்பிப் படுப்பான். றமீஸ் மேல இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கு. அது இருக்கட்டும், தேய்ஞ்சு போயிடும்.

றுமைஸா மச்சிக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டன். காக்கா, நீங்க கப்பல் ஏத்தின கதையையும்தான். அவ ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கல்ல. மூணாம் நாள் வந்து, றமீசுக்கு எந்த மீன் விருப்பம் எண்டு கேட்டா. சுதன் வந்து வாப்பாட கபுறடிக்குப் போற பாதையத் துப்புரவாக்கிட்டுப் போனான்.

இந்தக் கடிதத்துக்கு முத்திரை ஒட்ட உறைய மட்டும் கொண்டு முந்தாநாள் நானே தபால் கந்தோருக்குப் போனன். உறையில உங்க ரெண்டு பேர்ட பேரையும் ஒண்டுக்குக் கீழ ஒண்டா எழுதியிருந்தன். முத்திரை ஒட்டின புள்ளை வாசிச்சுப் பாத்துட்டு, ஆரு ராத்தா இவங்க எண்டு கேட்டா. என்ட சகோதரன்மார் எண்டு சொன்னன்.

"ரெண்டு பேரும் ஒரு உம்மாட புள்ளைகளா?" எண்டு கேட்டா.

"ஓம்" எண்டு சொல்லிட்டு வந்துட்டன்.

றாஹிலா